பயனுடையான்: ஒரு கிரேக்கப் பெயரும் ஓர் அறவினாவும்

ஒனேசிமோஸ் என்பது இன்று கிரேக்க நாட்டில் மிக அருகியே வழங்கும் ஓர் ஆண்பாற் பெயராகும். பேரனுக்குப் பாட்டன் பெயரையிடும் மரபு அந்நாட்டில் வலுவுடையது. யோர்கியோஸ், திமித்திரியோஸ், கொன்ஸ்ரந்தினோஸ் முதலிய பெயர்கள் தலைமுறைதோறும் மீண்டும் மீண்டும் வருதற்கு அதுவே காரணம். பாட்டனுக்கு இல்லாத பெயர் பேரனுக்கு வாய்ப்பதும் அரிதாகின்றது. கிழக்குத் திருச்சபையின் நாட்காட்டியிலே பெப்ரவரி 15ஆம் நாள் இப்பெயருடைய புனிதருக்கு உரியது. உருசிய மக்களிடையே இது அனிசிம் எனத் திரிந்து ஒருகாலத்தில் நன்கு வழங்கிற்று. தமிழ் விவிலியம் பயின்றோர் இதனை ஒநேசிமு என்னும் வடிவில் அறிவர். பெயரின் பரவலைப் பற்றி இவ்வளவு கூறுதல் போதும். சிந்தனைக்கு உரியது அதன் பொருளே. 'நன்மை செய்தல், பயன் தருதல்' எனப் பொருள்படும் வினையடியாகப் பிறந்த இச்சொல், 'பயனுடையவன்' என்னும் பொருளைத் தருவது. தன் மகன் பிறர்க்குப் பயன்படுவானாக என விரும்பும் பெற்றோர் இடக்கூடிய பெயர்தானே எனத் தோன்றலாம். ஆயினும், யாருக்குப் பயன் என்னும் வினா அப்பெயரின் வரலாறு முழுவதிலும் தொடர்ந்து வருகின்றது.

பண்டைய ஏதென்ஸ் நகரில் இது அடிமைகளுக்கே உரிய பெயராய் இருந்ததில்லை. கி. மு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே செவ்வுருவ மட்கலங்களில் ஓவியந் தீட்டிய கலைஞன் ஒருவன் ஒனேசிமோஸ் எனக் கையொப்பமிட்டுள்ளான். ஆயின், காலப்போக்கில் இது அடிமைப் பெயராகவே பெருவழக்குப் பெற்றது. மெனாந்தரின் 'நடுவர் தீர்ப்பு' என்னும் இன்பியல் நாடகத்தில் வரும் அடிமையின் பெயர் ஒனேசிமோஸ். 1905இல் எகிப்தியப் பப்பிரசுச் சுவடியொன்று கிடைத்த பின்னரே இந்நாடகத்தின் பெரும்பகுதியை உலகம் அறிந்தது. பிறர் காரியங்களில் தலையிட்டு அல்லற்படும் இவ்வடிமையே, நாடகத்தின் இறுதிப் பகுதியில் முதியவர் ஒருவரை மறித்து, மனிதனின் நலந்தீங்குகளுக்குக் காரணம் அவனவன் குணமே என்று தத்துவம் பேசுகிறான். பார்வையாளர் நகைத்திருப்பர் என்பதில் ஐயமில்லை. எனினும், அந்நாடகத்தின் ஆழ்ந்த சிந்தனைகளுள் ஒன்று அடிமையின் வாயிலாகவே வெளிப்படுகின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

உரோமப் பேரரசின் கல்வெட்டுக்களில் அடிமைகளினதும் விடுதலை பெற்றோரினதும் பெயராக இது பன்முறை காணப்படுகின்றது. அடிமைக்குப் பெயரிடும் உரிமை வாங்கியவனுக்கே உரியதாயிருந்தது. மூவர் எபேசு நகரில் ஆளுக்கோர் அடிமையை வாங்கி, ஒருவன் விற்றவனின் பெயராலும், மற்றொருவன் அந்நாட்டின் பெயராலும், வேறொருவன் அந்நகரின் பெயராலும் தத்தம் அடிமைகளை அழைக்கலாம் என இலத்தீன் மொழியறிஞர் வாறோ எழுதுகிறார். அவர் அதனைச் சொல்லாக்கத்திற்கு எடுத்துக்காட்டாகவே கூறினார். அதனினும் வியப்புக்குரியது பிளேற்றோவின் 'கிராற்றிலஸ்' என்னும் உரையாடல். பெயர் இயற்கையால் அமைவதா, வழக்கால் அமைவதா என்பது அந்நூலின் வினா. வழக்கே என வாதிடும் எர்மோகெனீஸ், அதற்குச் சான்றாக, 'நாம் நம் அடிமைகளின் பெயரை மாற்றுகிறோம். புதிய பெயரும் பழையது போலவே பொருந்திவிடுகின்றது' என்னுங் கருத்தை முன்வைக்கிறான். சோக்கிரதீசும் இச்சான்றினை நின்று நோக்காது கடந்து செல்கிறார். வழக்கு என்பது பலரின் உடன்பாட்டால் எழுவது. அடிமையின் பெயர்மாற்றத்தில் உடன்பட்டவர் யார்? மொழியின் தன்மையை விளக்க எடுத்த சான்று, உண்மையில் அதிகாரத்தின் தன்மையையே விளக்குகின்றது. அடிமையை உயிருள்ள கருவி என்று வரையறுத்தவர் அரிஸ்ரோட்டில். கருவிக்கு இருக்கக்கூடிய சிறப்புப் பயன்படுதல் ஒன்றே. அவ்வகையில் 'பயனுடையான்' என்பது அவ்வரையறையின் சுருக்கம் எனலாம்.

இப்பெயரை உலகறியச் செய்தது, கி. பி. முதலாம் நூற்றாண்டிலே பவுல் சிறையிலிருந்து பிலேமோன் என்பவருக்கு எழுதிய சிறு திருமுகமாகும். பிலேமோனின் அடிமையான ஒநேசிமு பவுலிடம் வந்து சேர்ந்தான். அவன் தப்பியோடியவன் என்பது மரபான கொள்கை. அதனை மறுப்போரும் உளர். பவுல் அவனை மீள அனுப்புகையில், முன்பு பயனற்றவனாயிருந்தவன் இப்போது இருவர்க்கும் பயனுடையவனானான் எனப் பெயரின் பொருளை வைத்துச் சொல்லாடுகிறார். பயன் என்னும் அளவுகோல் இங்கும் கைவிடப்படவில்லை. ஆனால், அவனை அடிமையாகவன்றிச் சகோதரனாக ஏற்குமாறு வேண்டியபின், திருமுகத்தின் முடிவை அண்மித்து அவர் மற்றொன்றுஞ் செய்கிறார். ஒநேசிமு என்னும் பெயர் பிறந்த அதே வினையைக் கையாண்டு, 'உன்னால் எனக்குப் பயன் உண்டாகட்டும்' என்ற கருத்தில் எசமானனை வேண்டுகிறார். அடிமையின் பெயர் உணர்த்திய கடமை எசமானன் தலைமேல் ஏறுகின்றது. இச்சொல்லாட்சி தற்செயலானது என ஒதுக்குதல் பொருந்தாது. எனினும், அடிமையை விடுதலை செய்க என்று பவுல் வெளிப்படையாகக் கட்டளையிடவில்லை. அம்மௌனத்தின் விலையைப் பின்வந்தோர் செலுத்தினர். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைமுறையை ஆதரித்தோர் இத்திருமுகத்தைத் தமக்குத் துணையாகக் கொண்டனர். 1830களில் ஜோர்ஜியாவிலே சாள்ஸ் கொல்கொக் ஜோன்ஸ் என்னும் போதகர் இதனை ஆதாரமாகக் கொண்டு கீழ்ப்படிதலை வலியுறுத்தியபோது, கேட்டிருந்த அடிமைகளுட் பாதிப்பேர் எழுந்து சென்றுவிட்டனர் என்று அவரே பதிவுசெய்துள்ளார்.

அதற்கு ஒரு நூற்றாண்டின் முன்னரே இப்பெயர் அமெரிக்கக் கரையை அடைந்திருந்தது. 1706இல் பொஸ்ரன் நகரச் சபையார் ஆபிரிக்க அடிமையொருவரை வாங்கித் தம் போதகரான கொற்றன் மேதருக்குக் கொடுத்தனர். மேதர் அவருக்கு இட்ட பெயர் ஒனேசிமஸ். தாய் தந்தையர் இட்ட பெயர் எந்த ஏட்டிலும் பதியப்படவில்லை. அடிமைகளைக் கிறித்தவராக்கினால் அவர்கள் மேலும் நல்ல ஊழியராவர் என அதே ஆண்டில் மேதர் வெளியிட்ட சிறுநூல் எசமானர்க்கு எடுத்துரைத்தது. பெரியம்மை கண்டதுண்டா என வினவியபோது, கண்டதும் உண்டு, இல்லையும் என விடையளித்த ஒனேசிமஸ், அம்மைக் கொப்புளத்தின் சீழைத் தோலைக் கீறி ஏற்றிக் காப்புப் பெறும் தம் நாட்டு முறையை விளக்கினார். மேதர் இச்செய்தியை 1716இல் இலண்டன் றோயல் கழகத்துக்கு எழுதினார். 1721இல் நோய் பரவியபோது சப்டியேல் பொயில்ஸ்ரன் என்னும் மருத்துவர் அம்முறையைக் கையாண்டார். சீழேற்றப்பட்டோர் ஏறத்தாழ 240 பேருள் 6 பேரே இறந்தனர். இயல்பாக நோயுற்ற ஏறத்தாழ 5,900 பேருள் 844 பேர் மாண்டனர். முன்னது நாற்பதில் ஒன்று. பின்னது ஏழில் ஒன்று. ஒனேசிமஸோ, 1716இலேயே, தமக்கு மாற்றாக வேறோர் அடிமையை வாங்குதற்குப் பணம் செலுத்தி, அழைத்தபோது வந்து வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு அரைகுறை விடுதலை பெற்றிருந்தார்.

பொஸ்ரன் நகரைக் காத்தவர் என இன்று அவர் போற்றப்படுகிறார். அப்போற்றுதல் நியாயமானதே. ஆயின், அதனுள்ளும் பழைய அளவுகோலே மறைந்திருக்கின்றது. பெரியம்மை பற்றி அவர் எதுவும் அறியாதவராயிருந்திருப்பின், அவரை அடிமைப்படுத்தியது சற்றேனும் குறைந்த கொடுமையாகுமா? விலையுடையதற்கு மாற்றுப்பொருள் உண்டு. மதிப்புடையதற்கு மாற்று இல்லை என 1785இல் காந்து வகுத்த வேறுபாடு இவ்விடத்து நினைக்கத்தக்கது. ஒனேசிமஸ் தமக்கு மாற்றாக மற்றொருவரை வாங்கவேண்டியிருந்தது என்பதே, அவர் வாழ்ந்த சமுதாயம் இவற்றுள் எதனை அவருக்கு வழங்கியது என்பதைக் காட்டும். மனிதரை நாட்டின் வளமென்றும் முதலீடென்றும் பேசும் இக்காலத் திட்ட அறிக்கைகளின் மொழியும் இவ்வளவுகோலுக்கு அயலானதன்று.

பயன்படுதல் இழிவன்று. ஒருவன் தானே விரும்பி மேற்கொள்ளும் பயனும், அவன்மேற் பிறர் எழுதிவைக்கும் பயனும் ஒன்றல்ல என்பதே கருத்து. எதியோப்பியாவின் ஒறோமோ இனத்தில் ஏறத்தாழ 1856இல் பிறந்த சிறுவனுக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஈக்கா. விளக்கம், மொழிபெயர்ப்பு என்னும் பொருளோடு தொடர்புடைய சொல் அது. அடிமை வாணிகர் கைப்பட்டுப் பலமுறை விற்கப்பட்ட காலத்தில் அவன் நெசிப் எனப்பட்டான். 1870இல் மசாவாவில் விடுதலை பெற்று, சுவீடன் நாட்டு மிசனரிமாரிடங் கல்வி பயின்று, 1872இல் திருமுழுக்குப் பெற்றபோது ஒனேசிமோஸ் ஆனான். பின்னர் அவர் ஒனேசிமோஸ் நெசிப் என்றே அறியப்பட்டார். அடிமை வாழ்விலிருந்து மீண்ட அஸ்தேர் கன்னோ என்னும் ஒறோமோப் பெண்மணியின் துணையோடு அவர் விவிலியத்தை ஒறோமோ மொழியில் ஆக்கினார். அது 1899இல் முழுமையாக அச்சேறிற்று. அம்மொழியின் எழுத்திலக்கியத்துக்கு இவ்விருவரும் ஆற்றிய பணி அடிப்படையானது. பிலேமோனுக்கு எழுதப்பட்ட அச்சிறு திருமுகமும் அப்பதிப்பினுள் அடங்கும்.