கட்டுப்பாடும் சம்மதமும்

கொள்ளைநோய்க் காலத்தில் அரசு விதிக்கும் கட்டுப்பாடுகளை மக்கள் ஏற்கின்றனரா, எதிர்க்கின்றனரா என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கேள்வி தவறானதன்று, ஆனால் போதாது. 'மக்கள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எவ்வெவர் அடங்குகின்றனர், கட்டுப்பாட்டின் சுமை அவர்களுள் எவர் தோளில் இறங்குகின்றது என்பனவற்றை விட்டு இதற்கு விடை காணவியலாது. 2020 ஆம் ஆண்டு கோவிட் நோய் இலங்கையிற் பரவியபோது நிகழ்ந்தவற்றை இந்நோக்கிற் சிறிது ஆராய்வோம்.

'என் உடல், என் விருப்பம். இதில் அரசுக்கு என்ன வேலை?' என்னும் வாதத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். தொற்றுநோய் தனிமனித விவகாரமன்று. ஒருவன் விடும் மூச்சையே அருகிலிருப்பவன் உள்ளிழுக்கின்றான். எனவே நடமாட்டத்தை மட்டுப்படுத்தச் சமுதாயத்துக்கு உரிமையுண்டு. ஆயின் சமுதாயத்தின் உரிமை வேறு, அரசின் அதிகாரம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுவதிலேயே ஆளுவோரின் சாமர்த்தியம் அடங்கியுள்ளது.

2020 மார்ச் 20 ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. மாதச் சம்பளமும் வீட்டில் அரிசியும் உள்ளவர்கள் அதனை வரவேற்றனர். இன்னும் கடுமையாக்குமாறு கோரினோரும் உளர். அன்றாடங் காய்ச்சிக்கோ ஊரடங்கின் இரண்டாம் நாளே அடுப்படிப் பிரச்சினை. அதனை மீறியதற்காகச் சில மாதங்களில் 60,000 இற்கு மேற்பட்டோர் கைதாயினர். அவர்கள் அனைவரையும் பொறுப்பற்றோர் என்று ஏசுவது எளிது. அதே வேளையில் தேயிலைத் தோட்டங்களில் வேலை தொடர அனுமதி வழங்கப்பட்டது. ஒரே அறையிற் குடும்பம் முழுவதும் வாழும் லயங்களில் 'இடைவெளி பேணுக' என்ற அறிவுரைக்கு என்ன பொருள்? கட்டுப்பாடு மட்டுமன்றி விதிவிலக்கும் வர்க்க நிலையை ஒட்டியே அமைந்தது.

அவ்வாண்டு ஒக்டோபரில் மினுவாங்கொடையில் ஆடைத் தொழிற்சாலையொன்றில் நோய் பரவி, ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் தொற்றுக்குள்ளாயினர். உற்பத்தி நிற்கலாகாது என்று கருதியவர்களைப் பற்றி எழுந்த பேச்சைவிட, 'நோய் கொண்டுவந்த' இளம் பெண்களைப் பற்றி எழுந்த பேச்சே அதிகம்.

எனினும் பொதுமக்களின் மனச்சான்றை உண்மையிற் சோதித்தது இறந்தோர் பற்றிய கட்டளையே. 2020 ஏப்ரல் 11 ஆம் திகதிய வர்த்தமானி, நோயால் இறந்த அனைவரையும் தகனஞ் செய்ய வேண்டுமென விதித்தது. புதைத்தால் நிலத்தடி நீர் மாசடையும் என்று காரணங் கூறப்பட்டது. உலக சுகாதார தாபனமோ அடக்கஞ் செய்வதையும் அனுமதித்திருந்தது. முஸ்லிம்களுக்கு ஜனாஸாவை எரிப்பது சமயக் கடமைக்கே மாறானது. உயர் நீதிமன்றத்தை நாடியோரின் மனுக்கள் அவ்வாண்டு டிசம்பரில் விசாரணைக்கு எடுக்கப்படாமலே தள்ளுபடியாயின. அதே மாதம், பிறந்து 20 நாட்களேயான குழந்தையொன்று பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரியூட்டப்பட்டது. பொரளை மயான வேலியில் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டிப் பல இனத்தவரும் தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர். அவர்கள் சிலரே. ஏனையோர் 'சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே' என்றனர். எரிப்பதையே மரபாகக் கொண்டவனுக்கு அச்சட்டத்தால் இழப்பேதுமில்லை. தனக்குச் செலவில்லாத கட்டுப்பாட்டுக்கு அளிக்கும் சம்மதத்தை ஒழுக்கம் என்று எவ்வாறு கொள்வது?

அக்கட்டளைக்கு ஆதாரமாயிருந்தது 1897 ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் என்பது மனங்கொளத்தக்கது. அதே ஆண்டில் இந்தியாவிலும் இவ்வகைச் சட்டமொன்றை ஆங்கில அரசு இயற்றிற்று. பூனா நகரிற் பிளேக் நோயைத் தடுக்கவெனப் படையினர் வீடுகளுட் புகுந்து சோதனை நடத்தினர். மக்களின் கொதிப்பு முற்றி, பிளேக் தடுப்புப் பணிக்குத் தலைமை தாங்கிய ராண்ட் என்ற அதிகாரி 1897 ஜூன் 22 ஆம் திகதி சுடப்பட்டார். கொலையை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அம்மக்களின் எதிர்ப்பை வெறும் மூடநம்பிக்கை என்று எழுதிவைத்த அதிகாரிகளை நம்பவுமில்லை. தன்னை நோய்ப் பொருளாக மட்டுமே காணும் அரசை எந்த மனிதனும் நம்பமாட்டான்.

இலங்கையிலும் நம்பிக்கைதான் முதலிற் செத்தது. அறிகுறி தோன்றியும் வைத்தியசாலைக்குச் செல்ல அஞ்சியோர் உளர். செத்தால் எரிப்பார்கள் என்ற அச்சம் நோயின் அச்சத்தை விஞ்சியது. ஆக, நோய்த்தடுப்பின் பெயரால் விதிக்கப்பட்ட கட்டளை நோய்த்தடுப்புக்கே குந்தகமாயிற்று. 2020 முடியுந் தறுவாயிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் நாட்டின் மருத்துவ அமைப்புகள் சிலவும் அடக்கஞ் செய்யலாம் என்று பகிரங்கமாகக் கூறின. அறிவியலைக் காட்டி விதித்த கட்டளையை அறிவியலாளர் கூறியபின்னரும் உடனே விலக்க அரசு முன்வரவில்லை.

2021 பெப்ரவரி இறுதியிலேயே அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. அப்போதும் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் ஒரே இடமே பிரதானமாக ஒதுக்கப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் இறந்தோரின் உடல்கள் நாட்டைக் குறுக்கறுத்து அங்கே கொண்டுசெல்லப்பட்டன. 3,000 இற்கு மேற்பட்டோர் அம்மண்ணிற் கிடக்கின்றனர்.

2024 ஜூலையில் அமைச்சரவை, கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. 'சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே' என்று பாடசாலை ஓய்வறைகளிலும் பல்கலைக்கழக மண்டபங்களிலும் அன்று கூறியவர்கள் அம்மன்னிப்பிற் பங்காளிகளா என்பதை அத்தீர்மானம் கேட்கவில்லை. அவர்களும் இதுவரை வாய்திறக்கக் காணோம்.