அறிந்தும் பின்வாங்குவது ஏன்?

நல்லது எதுவென்று தெரிந்திருந்தும் மனிதன் அதைச் செய்யாமல் போவது ஏன்? எந்தச் சமயமும் எந்தத் தத்துவமும் இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக முடிந்ததில்லை. தெரிந்தே எவரும் தவறு செய்வதில்லை, தவறுக்கு வேர் அறியாமையே என்றார் சாக்ரடீஸ். பிளேட்டோவின் ‘புரோட்டகோரஸ்’ உரையாடலில் அந்த வாதம் விரிவாக வருகிறது. தவறு தீய மனத்திலிருந்து பிறக்கிறது, கண்டித்தும் தண்டித்தும்தான் அதை ஒடுக்க முடியும் என்பது நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் வேரோடியிருக்கும் எண்ணம். நம் தவறுகளில் பெரும்பகுதியை இந்த இரண்டு விடைகளாலும் விளக்க முடியாது என்பதே என் வாதம். அறிவும் இருக்கிறது, விருப்பமும் இருக்கிறது. நடுவில் அச்சம் புகுந்து செயலை மடக்கிவிடுகிறது. இதைத் தெளிவாகக் காட்டும் களம் கோலூன்றித் தாண்டுதல். அங்கே தவறு கண்ணுக்குத் தெரியும், அதை அளந்தும் சொல்லலாம். தவறியவருக்குக் கெட்ட எண்ணம் என்று யாரும் பழி சொல்லவும் முடியாது.

தாண்டுபவர் கோலை ஏந்தி ஓடிவந்து, ஓடுபாதையின் முடிவில் தரைமட்டத்துக்குக் கீழே 20 சென்டிமீட்டர் ஆழம் இறங்கும் பெட்டிக்குள் அதன் நுனியை ஊன்ற வேண்டும். உதைத்து எழும் கணத்தில் கைகள் நன்றாக உயர்ந்திருக்க வேண்டும். உதைக்கும் பாதம் மேல்கைக்கு நேர் கீழே இருக்க வேண்டும். பழகும் பிள்ளைகளுக்கு இதெல்லாம் வாய்ப்பாடாகத் தெரியும். ஆனாலும் கடைசி அடிகளில் வேகம் தளர்கிறது. அல்லது அடி நீண்டு, பாதம் கைக்கு முன்னே போய்விடுகிறது. கோலை உயர்த்தும் கைகள் தாமதிக்கின்றன. தரையை விட்டதும் உடம்பு பின்னால் சாய, கைகள் மடங்கிக் கோலை மார்போடு இழுத்துக்கொள்கின்றன. ஓட்டக் குறி பிசகியதாலோ உடல்வலு போதாததாலோ இவை நேர்வதுண்டு. ஆனால் பலமுறை இவற்றின் அடியில் இருப்பது ஒரே இயல்புதான்: அசையாத ஒன்றின் மேல் முழு வேகத்தில் போய் மோதவிருக்கும் உடம்பு, தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கிறது. கொடுமை என்னவென்றால், அந்தக் காப்பே ஆபத்தை அழைத்து வருகிறது. வேகம் குறைந்தால் கோல் செங்குத்தாக நிமிராது. மெத்தையை எட்டாமல் ஓடுபாதைமேலோ பெட்டிமேலோ விழ நேரும்.

இதற்குப் பயிற்சியாளர்கள் கண்ட மருந்தைக் கவனிக்க வேண்டும். ‘பயப்படாதே’ என்ற கட்டளை ஓடும் கால்களுக்குப் போய்ச் சேராது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே பிடியைக் கீழே இறக்கச் சொல்கிறார்கள். நீண்ட ஓட்டத்தை ஆறு அடிகளாகச் சுருக்குகிறார்கள். ஊன்றும் அசைவை மட்டும் தனியே பிரித்து, நடந்தபடியே நூறுமுறை செய்யவைக்கிறார்கள். குறுக்குக் கம்பிக்குப் பதிலாக ரப்பர் கயிறு கட்டுகிறார்கள். அதில் உடம்பு பட்டாலும் வலியில்லை. எல்லாவற்றிலும் ஆழமான பாடம், ஊன்றாமலே மெத்தைக்குள் ஓடிப் புகுந்துவிடும் பழக்கத்தை அவர்கள் கையாளும் விதத்தில் இருக்கிறது. ஒருவர் மீண்டும் மீண்டும் அப்படிப் பின்வாங்கினால், பின்வாங்குவதே அவருக்குப் பயிற்சியாகிவிடும். ஆகவே அவரைத் திட்டி மறுபடி ஓடவிடாமல், அவர் தயங்காமல் எழக்கூடிய தொலைவுக்கு ஓட்டத்தைக் குறைக்கிறார்கள். அங்கே உறுதி வந்த பிறகு இரண்டிரண்டு அடிகளாகக் கூட்டுகிறார்கள்.

அரிஸ்டாட்டில் ‘நிக்கோமாக்கிய அறவியல்’ நூலில் சொன்னதும் இதுதான்: துணிவுள்ள செயல்களைச் செய்து செய்தே மனிதன் துணிவுடையவனாகிறான். படிப்படியான பயிற்சியைப் புத்தரும் தம் நெறியின் இயல்பாகவே வகுத்தார். பயன்மேல் உரிமை கொள்ளாமல் கடமையைச் செய் என்ற கீதையின் போதனைக்கும் இந்தக் களத்தில் புதுத் தெளிவு கிடைக்கிறது. கம்பியைப் பார்த்தபடி எழுபவர் ஊன்றலைக் கோட்டைவிடுகிறார். ஓட்டத்திலும் ஊன்றலிலும் மனத்தை வைப்பவருக்கே உயரம் கைகூடும். அப்போதும் அது உறுதியில்லை. 1985-இல் பாரிஸில் உலகிலேயே முதன்முதலாக 6 மீட்டரைத் தாண்டியவர் செர்ஹி புப்கா. அவரே 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஓர் உயரத்தையும் தாண்டாமல் வெளியேறினார். அதன் பிறகும் பயிற்சியைத் தொடர்ந்து, 1994-இல் 6.14 மீட்டர் தாண்டி உலகச் சாதனை படைத்தார். செயல் நம் கையில், பயன் நம் கையில் இல்லை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும். முதலாவது: அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருப்பது பேதைமை என்று வள்ளுவரே சொல்லியிருக்க, அச்சத்தை ஏன் களைய வேண்டும்? மறுப்பு நியாயமானது. தன் எடைக்குப் பொருந்தாத கோலை எடுக்க அஞ்சத்தான் வேண்டும். விலகிக் கிடக்கும் மெத்தையைச் சரிசெய்யாமல் ஓட அஞ்சத்தான் வேண்டும். அந்த அச்சத்துக்கு உரிய நேரம், ஓடத் தொடங்குவதற்கு முன். ஆயத்தத்தில் முழுமையாக அஞ்சியவரே செயலில் தயங்காமல் இறங்க முடியும். இரண்டாவது மறுப்பு இன்னும் வலியது: விளையாட்டில் தவறுபவர் தாமே நட்டப்படுகிறார், அறத்தில் தவறுபவரோ பிறரை நோகடித்து ஆதாயம் அடைகிறார், இரண்டும் ஒன்றாகுமா? ஒன்றல்லதான். திட்டமிட்டுக் கொடுமை செய்பவரைத் தடுக்கச் சட்டமும் தண்டனையும் வேண்டும். ஆனால் அன்றாட வாழ்வில் நாம் சொல்லும் பொய்களையும், கொடுக்காமல் மூடிக்கொண்ட கைகளையும், அநீதி கண்டு காத்த மௌனத்தையும் எண்ணிப் பார்த்தால், அவற்றில் எத்தனை ஆதாயத்துக்காக, எத்தனை அச்சத்தால் என்பது விளங்கும். அங்கேயும் தற்காப்பு தன்னையே தோற்கடிக்கிறது: நம்பிக்கையை இழந்துவிடுவோமோ என்று பயந்து சொன்ன பொய்யே நம்பிக்கையை அழிக்கிறது.

ஆகவே அறம் போதிப்பவர்களின் கடமை கட்டளையோடு முடிந்துவிடுவதில்லை. உண்மை சொன்ன பிள்ளைக்கு அடி விழும் வீட்டில் உண்மையின் பெருமையைப் பேசிப் பயனில்லை. சிறிய உண்மையை அச்சமின்றிச் சொல்ல இடம் கொடுத்தால்தான் பெரிய உண்மைக்கு நா பழகும். பத்து ரூபாய் கொடுக்கப் பழகிய கைதான் ஒருநாள் தனக்கே வலிக்கும் அளவு கொடுக்கத் துணியும். இலக்கின் உயரத்தைக் குறைக்கச் சொல்வதாக இதைக் கொள்ள வேண்டாம். தொடக்கத்தின் தொலைவைக் குறைக்கும்படியே கேட்கிறேன். பின்வாங்கும் ஒருவரைக் கண்டால் அவரைத் தீயவர் என்று தீர்ப்பெழுதுவதற்கு முன், அவர் தயங்காமல் எழக்கூடிய இடம் எதுவென்று தேடுவதே கருணை. அறிவுக்கும் அதுவே பொருந்தும்.