அவிழ்க்கப்பட்ட கட்டு



நான்கு சுவிசேஷங்களையும் சேர்த்துப் பார்த்தால், ஆண்டவர் ஓய்வுநாளில் குணமாக்கிய வரலாறுகள் ஏழு உண்டு. அவற்றுள் அர்ச். லூக்காஸ் மாத்திரம் எழுதிவைத்த ஒன்றை இந்த வாரம் தியானிப்போம். அது அவருடைய சுவிசேஷத்தின் 13-ம் அதிகாரத்தில் உள்ளது.

செபக்கூடத்தில் ஆண்டவர் போதித்துக்கொண்டிருக்கிறார். 18 வருஷமாய் முதுகு வளைந்து, கொஞ்சமும் நிமிர முடியாத ஒரு ஸ்திரீ அங்கே வந்திருக்கிறாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆண்டவரே அவளைக் கண்டு, அருகே அழைத்து, நோயினின்று விடுதலை பெற்றாய் என்று சொல்லி, அவள்மேல் தம் கைகளை வைக்கிறார். அக்கணமே அவள் நிமிர்ந்து சர்வேசுரனைத் துதித்தாள்.

செபக்கூடத் தலைவனுக்கோ கோபம் மூண்டது. ஆண்டவரிடம் நேரே சொல்லாமல் ஜனங்களைப் பார்த்துப் பேசினான். வேலை செய்ய ஆறு நாள் இருக்கிறதே, அந்நாட்களில் வந்து குணமடையுங்கள் என்றான்.

இவனைக் கெட்டவன் என்று உடனே தள்ளிவிடாதீர்கள். சர்வேசுரன் தந்த கற்பனையைக் காக்கவே அவன் பேசினான். யூத சாஸ்திரிகளின் போதனைகளைப் பிற்காலத்தில் தொகுத்த மிஷ்னா என்னும் நூல், ஓய்வுநாளில் விலக்கப்பட்ட வேலைகளை 39 வகையாகக் கணக்கிடுகிறது. ஆனாலும் உயிருக்கு ஆபத்து என்றால் ஓய்வுநாள் சட்டம் வழிவிட வேண்டும் என்று அதே நூல் போதிக்கிறது. ஆகவே அது இரக்கமற்ற சட்டம் அல்ல. இவளோ 18 வருஷம் பொறுத்தவள்; இன்னும் ஒருநாள் பொறுத்தால் உயிர் போகாது. இதுதான் தலைவனின் கணக்கு. கணக்கு சரியே, ஆனால் வளைந்த முதுகு அவனுடையதல்ல.

ஆண்டவர் என்ன மறுமொழி சொன்னார்? ஓய்வுநாளில் உங்கள் மாட்டையும் கழுதையையும் அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே. பசாசு 18 வருஷமாய்க் கட்டிவைத்த அபிரகாமின் குமாரத்தியை அவிழ்க்கலாகாதா என்று கேட்டார். உபாகமம் 5-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மாடும் கழுதையும், வேலைக்காரனும் வேலைக்காரியும் ஓய்வு பெற வேண்டும் என்று அங்கே கட்டளையிருக்கிறது. நீ எஜிப்தில் அடிமையாயிருந்ததையும் உன்னை நான் மீட்டதையும் நினைத்துக்கொள் என்பதே அதற்குக் காரணம். ஆகையால் ஓய்வுநாளே ஒரு கட்டு அவிழ்ந்ததன் ஞாபகநாள். அந்நாளில் ஒருத்தியின் கட்டை அவிழ்ப்பது சட்டத்தை மீறுவதல்ல, நிறைவேற்றுவதே. ஆண்டவர் சட்டத்தை அலட்சியம் செய்தவரல்லர். குஷ்டரோகியைத் தொட்டுச் சுகமாக்கியபின், குருவிடம் போய் உன்னைக் காட்டி, மோயீசன் கட்டளையிட்ட காணிக்கையைச் செலுத்து என்று அனுப்பியவரும் அவரே.

நம்மிடம் வருவோம். நமக்கு ஞாயிற்றுக்கிழமை ஆண்டவருடைய நாள். அன்று பூசை காண்பது கடன். ஆனால் படுக்கையில் கிடக்கும் தகப்பனை விட்டு வர முடியாமல், காய்ச்சலில் துடிக்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, பாவம் செய்துவிட்டோமோ என்று கலங்குகிறவர்கள் நம் பங்கிலும் உண்டு. அம்மா, கலங்காதே. நோயாளியைப் பராமரிக்கிறவர்களைத் திருச்சபை அந்தக் கடனால் நெருக்குவதில்லை. அந்த நேரத்தில் வீட்டிலேயே செபம் செய். ஆண்டவர் உன்னைக் காண்கிறார்.

இதைக் கேட்டுச் சோம்பேறிகள் சந்தோஷப்பட வேண்டாம். தூக்கமும் சினிமாவும் நோயாளிகளல்ல.

மற்றொரு கூட்டமும் உண்டு. மணி அடிக்குமுன் வந்து முன்வரிசையில் முழந்தாளிடுவோம். வீட்டு வேலைக்காரிக்கு ஞாயிறு காலையிலும் ஓய்வு தரமாட்டோம். கிழவியைக் கூட்டிவந்தால் தாமதமாகுமென்று, பெற்ற தாயைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு வருவோம். நம் கடன் தீர்ந்தது. அவர்கள் கட்டு அவிழவில்லை. செபக்கூடத் தலைவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

ஆகையால் வருகிற ஞாயிறு, வர வழியில்லாத ஒருவரையாவது கைப்பிடித்துக் கூட்டிவாருங்கள். எழுந்திருக்க முடியாதவர்கள் இருந்தால் எனக்குச் சொல்லியனுப்புங்கள். தேவநற்கருணையோடு நானே வருவேன். அந்த ஸ்திரீ ஆண்டவரைத் தேடி வந்து கேட்கவில்லை. அவரே கண்டு அழைத்தார் என்பதை மறவாதிருப்போம்.

உங்கள் பங்குக்குரு