நஸீபா, நம் பிழையா?

சேரன்மகாதேவிக்கு மேற்கே, கன்னடியன் கால்வாய்க் கரையை ஒட்டி நம் குடும்பத்துக்குக் கொஞ்சம் தோட்டம் இருந்தது. வாப்பா மௌத்தான பிறகு அதைக் கவனிக்கும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய கதை இது. முப்பது பப்பாளிக் கன்றுகள் வைத்தோம். ஆறு மாதத்தில் பூத்தன. சில மரங்களில் தண்டை ஒட்டிப் பருத்த பூக்கள். மற்றவற்றில் நீண்ட காம்புகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் சின்னஞ்சிறு பூக்கள். தொங்கும் பூ காய்க்காது என்று யாரோ சொன்னார்கள். காய்க்காத மரத்துக்கு நீரும் உரமும் எதற்கு என்று அத்தனையையும் ஒரே நாளில் வெட்டிச் சாய்த்தோம். சிக்கனமாகத் தோட்டம் செய்கிறோம் என்ற பெருமை வேறு!

மீதி மரங்கள் பூத்தன, பூத்ததெல்லாம் உதிர்ந்தது. பக்கத்தில் வேறு பப்பாளித் தோட்டமும் இல்லை. ஒரு மாதம் பார்த்தோம், இரண்டு மாதம் பார்த்தோம். “நம் நஸீபு அவ்வளவுதான், அல்லாஹ் நாடவில்லை” என்று உம்மாவிடம் சொன்னோம். அவர்களும் பெருமூச்சு விட்டு ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்றார்கள்.

வாய்க்காலில் மடை திறந்து விடும் பெரியவர் ஒருவர் அந்தப் பக்கமாக வந்தார். மரங்களை அண்ணாந்து பார்த்தார். “ஏன் தம்பி, ஆம்பள மரத்தையெல்லாம் வெட்டிப் போட்டுட்டு பொம்பள மரத்துகிட்ட காய் கேட்டா அது எப்பிடித் தரும்?” என்றார்.

“முன்னமே சொல்லியிருக்கலாமே பெரியவரே!”

“நீங்க கேக்கலியே” என்று சொல்லி, மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

அன்று நாம் செய்த பிழைகள் இரண்டு. அறியாமையால் மரத்தை வெட்டியது ஒன்று. அந்த அறியாமையின் விளைவை அல்லாஹ்வின் பெயரில் எழுதியது மற்றொன்று. முதல் பிழையில் முப்பது மரத்தின் வரும்படி போயிற்று. இரண்டாவது பிழையோ ஈமானோடு சம்பந்தப்பட்டது. நம் கவனக்குறைவுக்கெல்லாம் ‘நஸீபு’ என்று பெயர் சூட்டலாமா? அப்படிச் சொல்வது தவக்குலா, சோம்பலா? இதைத்தான் இந்தக் கட்டுரையில் சிந்திக்கப் போகிறோம்.

பூவுக்குள் ஒரு பாடம்

முற்றத்தில் பூத்திருக்கும் செம்பருத்தி ஒன்றைப் பறித்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நடுவில் நீண்ட தண்டு. அதைச் சுற்றி மஞ்சள் தூள் நிறைந்த சிறு பைகள். அந்தத் தூள்தான் மகரந்தம், பூவின் ஆண் பகுதி. தண்டின் நுனியில் ஐந்தாகப் பிரிந்து நிற்பது சூல்முடி, பெண் பகுதியின் வாசல். மகரந்தத் துகள் ஒன்று சூல்முடியில் ஒட்டினால், அதிலிருந்து நூலைவிட மெல்லிய குழாய் கிளம்பித் தண்டின் உள்ளே இறங்கி, அடியிலிருக்கும் சூலை அடைகிறது. சூல் விதையாகிறது, அதைச் சூழ்ந்த சூற்பை காயாகிறது. நாம் உண்ணும் கனிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் பயணம் நடந்தாக வேண்டும்.

தூள் அதே பூவிலிருந்தோ, அதே மரத்தின் வேறு பூவிலிருந்தோ வந்தால் அது தன்மகரந்தச் சேர்க்கை. அதே இனத்தின் வேறு மரத்திலிருந்து வந்தால் அயல்மகரந்தச் சேர்க்கை.

தாமிரபரணிப் பாசனத்தில் இரண்டுக்கும் உதாரணம் உண்டு. வயலிலுள்ள நெல் தன்மகரந்தப் பயிர். நெற்பூ முற்பகலில் விரிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். அதற்குள் அதன் தூள் அதன் சூல்முடியிலேயே விழுந்துவிடும். அயல் தூள் சேர்வது நூற்றுக்கு ஒன்றுகூட இருப்பது அரிது. ஆகவேதான் நம் முன்னோர் தம் வயல் நெல்லையே விதைக்கு எடுத்துவைத்தும் ரகம் மாறாமல் இருந்தது.

தென்னையைப் பாருங்கள்! நெட்டைத் தென்னையின் ஒரே பாளையில் ஆண் பூவும் உண்டு, பெண் பூவாகிய குரும்பையும் உண்டு. ஆனால் ஆண் பூக்கள் முதலில் விரிந்து உதிர்ந்து தீர்ந்த பிறகே குரும்பைகள் தூளை ஏற்கத் தயாராகும். ஒரே வீட்டில் இருந்தும் இருவரும் சந்திக்க முடியாது! பெரும்பாலும் அயல் மரத்தின் தூளையே காற்றும் தேனீயும் கொண்டுவந்து சேர்க்கின்றன. பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் பனையும் பதநீர் தருவதால் நம் பக்கத்து மக்கள் அதை வீண் என்று வெட்டுவதில்லை. பப்பாளியின் நாட்டு ரகங்களும் அப்படியே. இருபது பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரமாவது விட்டுவைக்க வேண்டும் என்பது தோட்டக்கலை வல்லுநர் சொல்லும் கணக்கு. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 3, கோ 7 ரகங்களில் தனி ஆண் மரம் கிடையாது. இருபால் பூப் பூக்கும் மரங்களே அந்த வேலையைச் செய்துவிடும். ஆற்றங்கரை வாழையோ தூளே இல்லாமல் காய்க்கிறது. ஆகவேதான் அதில் விதை இல்லை. பக்கக் கன்றைப் பிரித்து நடுகிறோம்.

அல்லாஹுத் தஆலா திருமறையில் அத்தியின் மீது சத்தியமிட்டு ஒரு சூராவைத் தொடங்குகிறான். அத்தியின் பூக்கள் வெளியே தெரிவதில்லை. காய் போலத் தோன்றும் அந்த உருண்டைக்குள்ளேயே நூற்றுக்கணக்கில் மறைந்திருக்கின்றன. நம் ஆற்றங்கரை அத்தியின் கண்போன்ற துளை வழியாக ஒரு சிறு குளவி உடலை நெருக்கி நுழைகிறது. தான் பிறந்த அத்தியிலிருந்து கொண்டுவந்த தூளை உள்ளே பூசிவிட்டு, முட்டையிட்டு, அங்கேயே மடிகிறது. அதன் பெண் குஞ்சுகள் புதிய தூளைச் சுமந்து வேறு அத்தியைத் தேடிப் பறக்கின்றன. ஸுப்ஹானல்லாஹ்! எந்த மரத்துக்கும் படைத்தவன் ஒரு வழி வைத்திருக்கிறான். சிலவற்றுக்குக் காற்று, சிலவற்றுக்குத் தேனீ, சிலவற்றுக்குக் கண்ணுக்கெட்டாத குளவி. சிலவற்றுக்கு மனிதனின் கை!

மதீனாவின் தோட்டங்களில்

மனிதனின் கை என்றதும் பேரீச்சை நினைவுக்கு வரும். அதிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காற்றை மட்டும் நம்பினால் விளைச்சல் குறையும். அதனால் அரபு நாட்டு விவசாயிகள் பன்னெடுங்காலமாகவே மரமேறி, ஆண் பாளையின் இழைகளை எடுத்துப் பெண் பாளைக்குள் செருகி வந்தார்கள். செடிகளுக்கு ஆண் பெண் உண்டு என்று ஜெர்மனியில் கமராரியஸ் என்ற அறிஞர் சோதித்து எழுதியது 1694ல்தான். அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மதீனாவின் தோட்டக்காரருக்கு அது அன்றாடத் தொழில்.

நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்த காலத்தில் இதைக் கண்டு, இதனால் பெரிய பயன் இருக்கும் என்று தாம் எண்ணவில்லை என்பதுபோல் ஒரு வார்த்தை சொன்னார்கள். ஸஹாபாப் பெருமக்கள் அந்த வார்த்தைக்கே கட்டுப்பட்டு அவ்வேலையை விட்டுவிட்டார்கள். அவ்வாண்டு விளைச்சல் கெட்டது. செய்தி எட்டியதும் பெருமானார் (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? விளைச்சல் கெட்டதை நஸீபு என்று சொல்லித் தட்டிக் கழித்தார்களா? இல்லை. தாம் சொன்னது சொந்த எண்ணம்தான் என்றும், அல்லாஹ்விடமிருந்து அறிவிப்பதைப் பற்றிப் பிடிக்க வேண்டும் என்றும், உலகத் தொழில் விவகாரத்தை அவர்களே நன்கறிந்தவர்கள் என்றும் விளக்கினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பல அறிவிப்பாளர் வழியாக வந்துள்ள சம்பவம் இது.

எத்தனை பெரிய மனம்! வஹீ இறங்கும் திருநபி (ஸல்) அவர்களே தோட்டத்து விஷயத்தைத் தோட்டக்காரனிடம் விடுகிறார்கள். நாமோ மடை திறக்கும் பெரியவரை ஒரு வார்த்தை கேட்கக் கூச்சப்பட்டோம்!

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். “உலக விவகாரம் நம் கையில் என்றால் வட்டியும் உலக விவகாரம்தானே? வாரிசுப் பங்கும் அப்படித்தானே?” என்று சிலர் கேட்பார்கள். அது தவறு. எதில் அல்லாஹ்வும் ரசூலும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்களோ அது தீனின் எல்லை. அதில் நம் யோசனைக்கு இடமில்லை. பேரீச்சையை எப்படிக் காய்க்க வைப்பது, நோய்க்கு எந்த மருந்து, பாலத்துக்கு எத்தனை தூண் என்பவை அனுபவத்தாலும் சோதனையாலும் அறிய வேண்டியவை. இரண்டையும் குழப்புவதில் இரு பக்கமும் ஆபத்து உண்டு. தீனை உலக விவகாரமாக்குபவன் ஹலால் ஹராமை இழக்கிறான். உலக விவகாரத்தைத் தீனாக்குபவன் தன் அறியாமையை மார்க்கத்தின் தலையில் கட்டுகிறான்.

தக்தீர் என்ற சொல்

தக்தீரை நம்புவது ஈமானின் பகுதி. அதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சொல்லை எந்த இடத்தில் பயன்படுத்துவது?

மர்யம் (அலை) அவர்களுக்குப் பிரசவ வேதனை வந்த வேளையில் பேரீச்ச மரத்தடியில் கனி கிடைத்தது. அல்லாஹ் நாடினால் கனி தானாகவே மடியில் விழுந்திருக்காதா? ஆனாலும் மரத்தின் அடியைப் பிடித்து உலுக்கும்படி அந்தப் பலவீனமான நிலையிலும் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஷாம் தேசத்தில் கொள்ளை நோய் என்று கேள்விப்பட்டு உமர் (ரலி) அவர்கள் பாதி வழியில் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என்று கேட்கப்பட்டபோது, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்வதாகப் பதில் கூறினார்கள். முயற்சியும் தக்தீருக்குள் அடங்கியதே என்பது இதன் கருத்து.

இதைத் தோட்டத்தோடு நிறுத்திவிட நமக்கு மனமில்லை. நாம் நன்கறிந்த ஒரு குடும்பம். மூன்று தலைமுறையாகச் சாச்சா மகள், மாமி மகன் என்று வீட்டுக்குள்ளேயே நிக்காஹ். ஒரு பிள்ளை காது கேளாமல் பிறந்தது, தக்தீர் என்றார்கள். இரண்டாவது பிள்ளையும் அப்படியே. மறுபடியும் தக்தீர் என்றார்கள். அடுத்த மகளுக்கும் அதே வட்டத்துக்குள் பேச்சு நடந்தபோது, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்றோம். “மார்க்கம் ஆகுமாக்கியதை டாக்டர் தடுப்பதா?” என்று கோபித்தார்கள்.

மார்க்கம் ஆகுமாக்கியது உண்மை. அலீ (ரலி), ஃபாத்திமா (ரலி) திருமணமே உறவுக்குள் நடந்ததுதான். தாய்மாமனை மணப்பது ஹராம் என்று எல்லை கட்டிய ஷரீஅத், அந்த எல்லைக்கு வெளியே நமக்கு அனுமதி தந்திருக்கிறது. ஆனால் அனுமதி வேறு, கட்டளை வேறு. பொதுவாக 100 குழந்தைகளில் 2 அல்லது 3 பேருக்குப் பிறவிக் குறை காணப்படுகிறது. பெற்றோர் உடன்பிறந்தவர்களின் மக்களாக இருந்தால் அது ஏறத்தாழ இருமடங்காகிறது என்பது பல நாடுகளில் கண்ட முடிவு. அப்போதும் பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தலைமுறை தலைமுறையாக அதுவே தொடர்ந்தாலோ, ஒரு குறை வீட்டில் தெரிந்துவிட்டாலோ, கணக்கு மாறிவிடும்.

“நெல் ஆயிரம் ஆண்டாகத் தன் தூளிலேயே விளையவில்லையா?” என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். நெல்லில் குறையுள்ள கதிரை விவசாயி விதைக்கு எடுப்பதில்லை. இப்படிக் கழித்துக் கழித்தே அது தேறியது. மனிதப் பிள்ளையை அப்படிக் கழிக்க முடியுமா? நவூது பில்லாஹ்! பிறந்த பிள்ளை எப்படியிருந்தாலும் அது அல்லாஹ்வின் அமானத். அன்போடு வளர்த்தால் சுவர்க்கத்தின் வாசல். ஆகவேதான் பிறப்பதற்கு முன்பே யோசிக்க வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது. நெல்லிலும்கூடப் புதிய பலம் தேவைப்பட்டபோது அயலைத்தான் நாடினார்கள். 1937ல் தொடங்கிய அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986ல் வெளியிட்ட ஏ.எஸ்.டி. 16, இரண்டு வேறு ரகங்களை இணைத்து உண்டாக்கியதே. சிறு நெற்பூவின் ஆறு மகரந்தப் பைகளையும் பொறுமையாக நீக்கி, வேறு ரகத்தின் தூளைத் தூவிச் செய்யும் வேலை அது.

தக்தீர் என்ற சொல் நடந்து முடிந்ததைத் தாங்குவதற்கு நமக்குத் தரப்பட்ட ஆறுதல். நடக்கப் போவதைப் பாராமல் கண்ணை மூடிக்கொள்வதற்கு அதைத் திரையாக்கக் கூடாது. கேட்க வேண்டியவரைக் கேட்டு, செய்ய வேண்டியதைச் செய்து, அதன் பிறகும் பூ உதிர்ந்தால், அப்போது ‘நஸீபு’ என்று சொல்வோம். அந்த நாவில் அந்தச் சொல் மணக்கும்.

அடுத்த ஆண்டு அந்தப் பெரியவரைக் கேட்டே கன்று வைத்தோம். பூத்ததும் அவரே வந்து பார்த்து, இரண்டு ஆண் மரங்களைக் காட்டி நிறுத்திவைக்கச் சொன்னார். பழுத்த முதல் பழத்தை உம்மா அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். நாம் மேலே சொன்ன அந்த மகளின் பேச்சு இன்னும் முடிவாகவில்லை. நல்ல முடிவு வரத் துஆ செய்கிறோம். டாக்டரிடம் போகும்படி சொல்லிக்கொண்டும் இருக்கிறோம்.

வல்ல நாயன் நம் அனைவருக்கும் கேட்டறியும் பணிவையும், முயன்று பார்க்கும் ஊக்கத்தையும், அதன் பிறகு அவன் தீர்ப்பில் பொருந்திக்கொள்ளும் உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.