வினைப்பயனும் உறங்காத குழந்தையும்

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் பலருக்கு இரவு உறக்கம் வாய்ப்பதில்லை. தசை இறுகிக் கிடப்பதால் தானாகப் புரண்டு படுக்க முடியாது. நழுவிய இடுப்பு மூட்டு, எதுக்களிப்பு, மலச்சிக்கல், வலிப்பு என ஏதாவதொன்று எழுப்பிவிடும். பேச்சு வராத குழந்தை அழத்தான் செய்யும். அதைப் பழவினை என்று சொல்லும் வீடுகள் இன்றும் உண்டு. வினைதான் என்றால் வைத்தியத்துக்கு வேலை என்ன?

திருவள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்தார். மருந்துக்கும் ஒன்று வைத்தார். ஒன்று மற்றொன்றை விலக்கவில்லை. பூந்தமல்லியைத் தாண்டினால் வரும் திருமழிசையின் கதை இன்னும் தெளிவானது. திருமழிசையாழ்வார் கைகால் உருப்பெறாத பிண்டமாகப் பிறந்தார், பெற்றோர் புதரில் விட்டுப் போனார்கள், இறையருளால் உறுப்புகள் கூடிய பிறகு பிரம்பறுக்கும் திருவாளன் எடுத்து வளர்த்தார் என்கின்றன குருபரம்பரை நூல்கள். அந்தப் பிறப்பை அவை பாவத்தின் கூலியாகக் காட்டவில்லை. சக்கரத்தாழ்வாரின் அம்சம் என்றே போற்றுகின்றன.

அதே ஆழ்வார் குடந்தையில் பள்ளிகொண்ட பெருமாளைப் பார்த்து, கால் வலியால்தான் இப்படிக் கிடக்கிறாயோ என்று திருச்சந்தவிருத்தத்தில் விசாரிக்கிறார். படுத்துக் கிடப்பவரிடம் முதலில் கேட்கத் தக்கது அதுதான். மருத்துவமும் அங்கிருந்தே தொடங்குகிறது. உறக்க மருந்துக்கு முன் வலியைத் தேட வேண்டும்: இடுப்புக்கு எக்ஸ்ரே, வயிற்றுச் சோதனை, இரவு வலிப்பு உண்டா என்ற விசாரணை. இறுக்கத்தைத் தளர்த்த பேக்லோஃபென் உதவும்; திடீரென நிறுத்தினால் ஆபத்து. குறிப்பிட்ட தசையில் போடும் போட்யூலினம் ஊசியின் பலன் சில மாதங்களே நிற்கும். பகலும் இரவும் தடுமாறிப்போன குழந்தைக்கு, குறிப்பாகப் பார்வையும் இல்லாதபோது, மெலடோனின் பயன்படலாம்.

வலியைத் தேடாமல் மயக்கம் தரும் மருந்து கொடுப்பது, குழந்தைக்கு இருக்கும் ஒரே மொழியைப் பறிப்பதாகும். அதற்காகப் பெற்றோரின் அயர்வைச் சுயநலம் என்று ஒதுக்குவதும் தவறு. நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்ப்பவர் என்று நான்கு கூறாக வைத்தியத்தை வகுக்கிறது குறள். இரவெல்லாம் குழந்தையைத் திருப்பிப் படுக்க வைக்கும் தாய் அந்த நான்காம் கூறு. வலிக்குரியதைச் செய்த பின்னும் உறக்கம் வராவிட்டால், அவளும் தூங்க வேண்டும் என்பது மருந்துக்குப் போதுமான நியாயமே.