பல்லி வளர்ப்பும் தர்மமும்

நம் வீட்டுச் சுவரில் வாழும் பல்லிக்கு நாம் எதையும் கொடுப்பதில்லை. அதனிடம் எதையும் கேட்பதுமில்லை. அது எந்தத் திசையிலிருந்து ஒலித்தது, உடலில் எவ்விடத்தில் விழுந்தது என்று பார்த்துப் பலன் சொல்லும் கௌளி சாஸ்திரத்தைப் பஞ்சாங்கத்தில் அச்சிட்டு வைத்திருக்கிறோம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுத் தோஷம் தீர்ந்ததென்று ஆறுதல் கொள்கிறோம். ஆயினும் விளக்கடியில் பூச்சி கிடைக்கும்வரை அது இருக்கும், கிடைக்காவிடில் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அதன் வாழ்வுக்கும் சாவுக்கும் நாம் பொறுப்பாளிகள் அல்லர். அந்தக் குலத்தைச் சேர்ந்த ஒரு பிராணியை விலை கொடுத்து வாங்கி, கண்ணாடித் தொட்டியில் வைத்து, கல்லும் மண்ணும் செடியும் இட்டு வளர்க்கிறவனுடைய நிலைமையோ முற்றிலும் வேறு. அந்தத் தொட்டிக்குள் வெயில் அவன் போட்டால்தான் உண்டு. மழை அவன் தெளித்தால்தான் உண்டு. இவ்வளவு அதிகாரத்தை ஒரு சிற்றுயிரின்மீது ஏற்றுக்கொண்டவன் செய்யும் பராமரிப்பு கருணையாகுமா, அல்லது வேறொன்றா என்பது, பல்லி வளர்ப்போர் மாத்திரமன்றி, பிறிதோர் உயிரைத் தன் வசத்தில் வைத்திருக்கும் எவரும் யோசிக்கத் தக்க கேள்வி.

உலகெங்கும் வீடுகளில் வளர்க்கப்படும் பல்லிகளில் முதன்மையானது சிறுத்தைப் பல்லி. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு ஆகிய பிரதேசங்களின் வறண்ட கல்லாங்காடுகளே இதன் தாயகம். கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் காட்சிசாலைப் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பிளைத் என்பவர் 1854-ஆம் ஆண்டில் இதைச் சாஸ்திர முறைப்படி வர்ணித்தார். மஞ்சள் மேனியில் கரும்புள்ளிகளும், பல்லிகளில் அபூர்வமாகிய மூடித் திறக்கும் இமைகளும், கொழுப்பைச் சேமித்து வைக்கும் பருத்த வாலும் உடைய இந்தப் பிராணி, சுவரேறும் திறமை அற்றது; தரையிலேயே நடந்து திரிவது. ஒழுங்காகப் பேணினால் பதினைந்து இருபது ஆண்டுகள் உயிர் வாழும்.

இதைச் சிறைப்படுத்தியதனால் இது எதை இழந்தது என்பதைத்தான் முதலில் நிர்ணயிக்க வேண்டும். தன் உடலின் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் மனிதனுக்கு வெயில் ஒரு சௌகரியம். பல்லிக்கோ அது ஜீவாதாரம். உண்டதைச் செரிப்பதற்கும், நோயை எதிர்ப்பதற்கும், இரையைத் துரத்துவதற்கும் வேண்டிய உஷ்ணத்தை வெளியிலிருந்தே பெறவேண்டிய இந்த ஜீவன், பகலெல்லாம் காய்ந்த பாறையில் அந்தியில் வயிற்றைப் பதித்துச் சூடேற்றிக்கொண்டும், சூடு மிகுந்தால் பிளவுக்குள் ஒதுங்கியும் தன் தேகநிலையைத் தானே திருத்திக்கொள்கிறது. ஆகவே அதன் சுதந்திரம் நாம் பேசுகிற சுதந்திரத்தைப் போல நாடளவு பரந்ததன்று. ஒரு பிளவிலிருந்து ஒரு கல்லுக்குப் போகலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் நாலடி தூரத்தில் அதன் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. அந்த நாலடியைப் பறித்தவன் அதைத் திருப்பிக் கொடுக்கவும் கூடும். தொட்டியின் ஒரு கோடியில் தரை 32 டிகிரி செல்சியஸ் அளவிலும், மறுகோடி 25 டிகிரி அளவிலும் இருக்கும்படி, தெர்மோஸ்டாட் பொருத்தி அமைத்தால் போதும். இரு கோடியிலும் ஒவ்வொரு மறைவிடம் வேண்டும். சூடான பக்கத்தில் மாத்திரம் ஒரு குகையை வைத்துவிட்டால், குளிர்ச்சியை நாடும் பல்லி ஒளிவிடத்தைத் துறக்க வேண்டும். குளிர்ந்த பக்கத்தில் மாத்திரம் வைத்தால், பயந்த பல்லி பட்டினியின்றியே செரிமானம் கெட்டு மெலியும். பாசியை நனைத்து வைத்த மூன்றாவது குகை ஒன்று, சட்டை உரிக்கும் காலத்துக்கு. உரியாத தோல் விரல்களில் நூல்போல் இறுகி ரத்த ஓட்டத்தைத் தடுக்க, விரலே உதிர்ந்துபோவதும் உண்டு. ஆக, நல்ல தொட்டிக்கு இலக்கணம் அதன் அழகன்று. உள்ளிருக்கும் உயிர் தானாகத் தேர்ந்துகொள்ளக்கூடியவை எத்தனை என்பதேயாம்.

இங்கே நம் அன்பு குறுக்கிடுகிறது. நமக்கு இதமானது அதற்கும் இதம் என்று நினைப்பது அன்பின் சுபாவம். பசிபிக் மகாசமுத்திரத்து நியூ கலிடோனியாத் தீவில், அழிந்தே போயிற்றென்று கருதப்பட்டு 1994-இல் மறுபடியும் கண்டுபிடிக்கப்பட்ட க்ரெஸ்டெட் கெக்கோ என்னும் பல்லியைச் சிறுத்தைப் பல்லியின் தொட்டியில் விட்டால், பின்னதற்கு ஜீவாதாரமான உஷ்ணமே முன்னதற்கு எமனாகிவிடும். இது 22 முதல் 26 டிகிரிக்குள் வாழ்வது. இரவில் இலைகளில் தெளித்த நீர்த்துளிகளை நக்கிக் குடிப்பது. பழக்கூழையும் விரும்பி உண்பது. இமை இல்லாமையால் தன் கண்ணைத் தன் நாவாலேயே துடைத்துக்கொள்வது. இழந்த வால் சிறுத்தைப் பல்லிக்கு உருமாறியேனும் மீண்டும் முளைக்கும். இதற்கோ முளைப்பதே இல்லை. இரண்டுக்கும் ஒரே அன்பைக் காட்டலாம். ஒரே உலகத்தைக் கொடுக்க முடியாது. அறிவில்லாத அன்பு பிராணிக்கு எவ்வகையிலும் பிரயோஜனப்படாது.

அடுத்து, உணவு. அஹிம்சையைப் பற்றிப் பேசுகிறவனை இது தர்மசங்கடத்தில் நிறுத்துகிறது. ஏனெனில் சிறுத்தைப் பல்லிக்கு உயிருள்ள பூச்சிகளே பிரதான உணவு. புறாவைக் காத்த சிபிச் சக்கரவர்த்தியின் கதையை நாம் புறாவின் பக்கம் நின்றே கேட்டுப் பழகிவிட்டோம். இரையைப் பறிகொடுத்த பருந்தின் நியாயத்தையும் அந்தக் கதை விடாமல் எடுத்துரைக்கிறது. ஒன்றின் உயிரைக் காப்பதென்றால் மற்றொன்றின் உணவைத் தடுப்பதென்றாகும் நிலையில், சிபி தன் தசையை அறுத்துத் துலாக்கோலில் இட்டான். பல்லி வளர்ப்பவனுக்கு அந்த வழி இல்லை. சுவர்க்கோழியைத்தான் இட வேண்டும். காட்டிலும் அது பூச்சியைத்தானே தின்னும் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் காட்டில் அந்தப் பூச்சிக்குத் தப்பியோட வழி இருந்தது, அதை அடைத்தவன் இவன். ஆதலால் பூச்சிக்கும் இவன் கடன்பட்டவனே. அந்தக் கடனின் ஒரு பகுதியையேனும் தீர்க்கும் முறை, வியக்கத்தக்க வகையில், பல்லியின் ஆரோக்கியத்துக்கும் அதுவே முறையாக அமைந்திருக்கிறது. சுவர்க்கோழிகளைப் பட்டினி போடாமல் முதல் நாளே கேரட்டும் கீரையும் ஊட்டி வைத்தால், அந்தச் சத்து பல்லிக்குச் சேரும். பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்துக்கு மேற்படாத பூச்சியையே இட்டால், அது ஒரே கவ்வில் முடியும், விழுங்குகிறதற்கும் கஷ்டமில்லை. தின்னாது எஞ்சியவற்றை இரவு முழுவதும் விட்டுவைக்காமல் எடுத்துவிட்டால், பூச்சிக்கும் ஒரு நாள் ஆயுள் கூடும். உறங்கும் பல்லியை அவை கடித்துப் புண்படுத்துவதும் நேராது. இடுமுன் கால்சியம் தூளும் டி3 வைட்டமினும் தூவ வேண்டும். தவறினால் தாடை மெழுகாய் இளகி, கால்கள் வளைந்து, எலும்பு நோயால் அந்தப் பிராணி மெல்ல மெல்ல அழியும். அந்த மரணத்தில் பல் படவில்லை, ரத்தம் சிந்தவில்லை. ஆனாலும் அது ஹிம்சையே. அலட்சியத்தால் செய்த கொலையை அஹிம்சைவாதி தன் கணக்கில் எழுதாமல் விட்டுவிடக் கூடாது.

இன்னும் பெரிய அநீதி ஒன்று அழகின் பேரால் நடைபெறுகிறது. இயற்கை அளித்த புள்ளிகள் போதாவென்று, நிற வேறுபாடுகளுக்காகவே சிறுத்தைப் பல்லிகளை இணைசேர்த்து விற்கும் வியாபாரத்தில், லெமன் ஃப்ராஸ்ட் என்னும் ஒளிரும் மஞ்சள் வகை தோன்றியது. அந்த ஒளியைத் தரும் மரபணுவே தோலில் கட்டிகளையும் வளர்க்கிறதென்றும், அவ்வகைப் பல்லிகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை அந்நோய்க்கு ஆளாகின்றன என்றும் 2021-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. கிழக்கு ஆப்பிரிக்காவின் தான்சானியாவிலோ, கிம்போசா என்னும் சிறு வனத்தில் தாழை மரங்களின் இலைக்கட்டில் வாழும், விரல் நீளமே உள்ள நீலப் பல்லியைப் பிடித்து விற்பதற்காக, அது குடியிருக்கும் தாழைகளையே வெட்டிச் சாய்த்தார்கள். சர்வதேச வியாபாரம் 2017 முதல் தடை செய்யப்பட்டது. கண்ணுக்கு இன்பம் தரும் ஒரு நீலத்துக்காக அந்தக் குலத்தின் வீடே போயிற்று. ஆகையால் வளர்ப்பவனுடைய தர்மம் தொட்டியின் மூடியைத் திறக்கும்போது ஆரம்பிப்பதன்று. இந்தப் பிராணி எங்கே பிறந்தது, எவருடைய கையால் வந்தது என்று விலை பேசுமுன் கேட்கும்போதே ஆரம்பிக்கிறது.

காட்டில் கழுகுக்கும் பாம்புக்கும் இரையாகி அற்பாயுளில் மடிவதைவிட, கண்ணாடிக்குள் இருபது ஆண்டு வாழ்வது அதற்கு லாபமல்லவா என்று சிலர் வாதிப்பர். ஆயுள் நீளுவது உண்மை. ஆனால் அந்த நீளம் சிறைக்கு நியாயம் ஆகாது, கடனின் தவணை எத்தனை என்பதை மாத்திரமே அது சொல்லும். இந்தப் பராமரிப்பைக் கருணை என்று அழைப்பதில் எனக்குச் சம்மதமில்லாததன் காரணமும் இதுவே. கருணை என்பது கொடுக்கவேண்டிய நிர்ப்பந்தம் இல்லாதவன் கொடுப்பது. பிறிதோர் உயிரின் உலகத்தைத் தன் கைக்குள் அடக்கியவன் கொடுப்பதெல்லாம், முன்னமே எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுப்பதே. நாய் வாலாட்டும், பசு முகர்ந்து பார்க்கும். பல்லியோ, கையைப் பார்த்துப் பயப்படாமல் இருப்பதற்குமேல் யாதொரு நன்றியும் தெரிவிக்காது. பலனை எதிர்பாராத கர்மத்தைப் பற்றி நூல்களில் படித்தவர்களுக்கு, பாராட்டவே தெரியாத ஒரு ஜீவனுக்குத் தினமும் தண்ணீர் மாற்றுவது அந்தப் பாடத்தின் அப்பியாசம் ஆகலாம். பதினைந்து ஆண்டு இடைவிடாமல் இந்த அப்பியாசத்தைச் செய்யத் தன்னால் இயலுமா என்று சந்தேகிக்கிறவன், அந்தப் பிராணியை வாங்காமல் விடுவதே உத்தமம். அவனால் அதற்குச் செய்யக்கூடிய முதல் உபகாரமும் அதுவே.