வேலையிழந்தோரும் வெட்கமும்

வேலையிழந்தவன் உதவி கேட்பது பிச்சையா, உரிமையா? தாசேக் கெலுகோர் தோட்டப்புறங்களில் இருக்கும் நமக்கு இஃது ஏட்டு விசாரமன்று, சோற்றுக் கேள்வி.

1930 தொடங்கி ரப்பர் விலை வீழ்ந்த சில ஆண்டுகளில், நம்மவர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். கப்பல் சீட்டே அன்றைய தர்மம்! உழைத்த ஆண்டுகளுக்குக் கணக்குக் கேட்பாரில்லை.

2018-ல் அமலுக்கு வந்த வேலைக் காப்புறுதித் திட்டம் அத்தகையதன்று. ஊதியத்தில் நூற்றுக்கு 0.2 பங்கைத் தொழிலாளியும், அதே அளவை முதலாளியும் செலுத்துகின்றனர். ஆட்குறைப்பில் அகப்பட்டவர், உரிய சந்தா செலுத்தியிருந்து, 60 நாட்களுக்குள் சொக்சோவிடம் மனுச் செய்தால், முதல் மாதம் கணக்கிட்ட ஊதியத்தில் நூற்றுக்கு 80 பங்கு கிடைக்கும். பின்னர் படிப்படியாகக் குறைந்து ஆறு மாதம் வரை வரும். தாமும் சேர்த்துக் கட்டிய பணத்தைப் பெறுவது பிச்சையாகுமோ?

ஆயினும் நம்மவரிற் சிலர் செய்வதென்ன? அண்டை வீட்டார் அறிவரே என்றஞ்சி, வழக்கம்போல் காலையில் சோற்றுப் பொட்டலத்துடன் புறப்பட்டு மாலையில் திரும்புகின்றனர். அறுபது நாளும் கழிந்துவிடுகின்றன. மானமென்று நாம் போற்றுவது பிள்ளைகளின் உணவைத் தின்றுவிடுகிறது. சோம்பேறியையும் ஆட்குறைப்புக்கு ஆளானவனையும் ஒரே நாவால் ஏசும் ஊரன்றோ இவ்வெட்கத்தைக் கற்பித்தது!

எம்போன்ற கிராணிமார், வேலை நின்ற வாரத்திலேயே அவ்வீட்டுக்குச் சென்று, சம்பளச் சீட்டையும் பணிநீக்கக் கடிதத்தையும் எடுக்கச் சொல்லி, மனுவை நிரப்பிக் கொடுக்கலாம்.